குழந்தைகளோடு காட்டில் தங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஜோஹன்னஸ்பர்க்கில் குடியிருக்கும் நான், போன மாத இதழில் தென்னாப்பிரிக்காவின் மடிக்வே காப்புக்காட்டைப் பற்றி எழுதியிருந்தேன். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக அங்கே ஒரு சஃபாரி லாட்ஜில் தங்கிய அனுபவம் அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருக்கிறதே" என்றுதான் தொடங்குகின்றன. முக்கியமானவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்பது. 'குடும்பங்களுக்கு ஏற்றது' என்று விளம்பரம் செய்யும் லாட்ஜை நம்பிப் பதிவு செய்யலாமா?
– கோவை வாசகி

அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். லாட்ஜில் தங்க விடுவது வேறு, சஃபாரி வண்டியில் ஏற்றுவது வேறு. மற்ற விருந்தினர்களோடு சேர்ந்து போகும் வண்டியில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பல இடங்களில் ஏற்றமாட்டார்கள். சில லாட்ஜ்களில் இந்த வரம்பு பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் போகும். வண்டியை ஓட்டி வழிகாட்டும் ரேஞ்சரோடு காட்டுக்குள் நடந்து போவதென்றால் பெரும்பாலும் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும்.

என் தோழி ஒருத்தி மூன்று வயதுப் பையனோடு ஒரு லாட்ஜுக்குப் போனாள். நீச்சல் குளம், விளையாட்டு அறை, குட்டி நாற்காலி எல்லாம் இருந்தன. பையனுக்கு வண்டியில் மட்டும் இடமில்லை. காலையில் அவள், மாலையில் அவள் கணவர் என்று முறை வைத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு யானையைக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பணம் செலவழித்தும் இப்படி ஆனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

விதி சும்மா போட்டதல்ல. அந்த வண்டிகளுக்குக் கதவும் கண்ணாடியும் கிடையாது. பலவற்றில் கூரைகூட இருக்காது. வண்டியும் உள்ளே இருக்கும் ஆட்களும் ஒரே உருவமாகத் தெரிகிற வரைக்கும் சிங்கம் நம்மைச் சட்டை செய்யாது. திடீரென்று ஒரு சின்ன உருவம் எழுந்து நின்றாலோ, வீறிட்டு அழுதாலோ, அதன் பார்வை அங்கே திரும்பிவிடும். மூன்று மணி நேரம் நாலு வயதுப் பிள்ளையை வாயைத் திறக்காமல் உட்கார வைப்பது யாரால் ஆகும்?

அதனால் பதிவு செய்வதற்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். என் மகனை வண்டியில் ஏற்றுவீர்களா, எந்த நிபந்தனையில்? எங்கள் குடும்பத்துக்கென்று தனி வண்டி கிடைக்குமா, அதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு? பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரத்தில் முடிகிற சின்னச் சுற்று உண்டா? நாங்கள் போகும்போது பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இந்த நாலுக்கும் நேராகப் பதில் வந்தால் அந்த இடம் உண்மையிலேயே குடும்பங்களுக்கானது. பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பெயர் வேண்டுமென்றால் சொல்கிறேன். க்ரூகர் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் என்ற தனியார் காட்டில் லோண்டோலோசி, சாபி சாபி என்ற லாட்ஜ்கள் இரண்டும் பிள்ளைகளுக்கென்று தனி நிகழ்ச்சிகளே வைத்திருக்கின்றன. மடிக்வேயில் மொருகுரு போன்ற இடங்களில் வீட்டையே முழுசாக ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து, சமையல்காரர், ரேஞ்சர், வண்டி எல்லாம் உங்களுக்கே என்று விட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு என் யோசனை இதுதான்: அறையின் தரத்தில் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள், அந்தக் காசைத் தனி வண்டிக்குப் போடுங்கள். பையன் அழுதால் உடனே திரும்பிவிடலாம், பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

க்ரூகர்தானே பெயர் பெற்றது? நீங்கள் ஏன் மடிக்வேயைச் சொல்கிறீர்கள்?
– மதுரை வாசகர்

மலேரியாதான் காரணம். க்ரூகரும் அதை ஒட்டிய தனியார் காடுகளும் மலேரியா பகுதியில் இருக்கின்றன. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவும் அப்படியே. மழைக்காலத்தில் ஆபத்து அதிகம், குளிர்காலத்தில் (இங்கே ஜூன், ஜூலை) குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. பெரியவர்கள் தடுப்பு மாத்திரை சாப்பிட்டுச் சமாளிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மலேரியா வந்தால் வேகமாக முற்றும். அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மாத்திரைகளும் குறைவு. டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. குழந்தை மருத்துவரைக் கேட்காமல் க்ரூகருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

மடிக்வே மலேரியா இல்லாத காடு. பிலானஸ்பர்க், வாட்டர்பர்க் மலைப்பகுதி, காலஹாரியில் இருக்கும் ட்ஸ்வாலு, கிழக்குக் கேப் மாகாணத்தில் ஷாம்வாரி, க்வாண்ட்வே, அட்டோ யானைப் பூங்கா ஆகியவையும் அப்படித்தான். அட்டோவை 1931ல் தொடங்கியபோது அங்கே எஞ்சியிருந்தவை பதினோரு யானைகள். இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேப் டவுனைப் பார்த்துவிட்டுக் கடலோரமாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வசதி.

சிறுத்தை மட்டும் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் சாபி சாண்டுக்கு இணை கிடையாது. மடிக்வே சிறுத்தைகள் கூச்சக்காரர்கள், எளிதில் வெளியே வரமாட்டார்கள். அங்கே சிங்கம், யானை, இரண்டு வகைக் காண்டாமிருகம், எருமை, அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுநாய்க் கூட்டம் ஆகியவற்றைப் பார்க்கலாம். காட்டுநாய்கள் உலகத்திலேயே அருகிப்போனவை. ஆளுக்கொரு விதமாக மேலெல்லாம் கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் தெளித்த மாதிரி இருக்கும். சிங்கம் பகலில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். காட்டுநாய்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து விளையாடும், கூவும், ஓடும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையாகச் சொல்லுங்கள், எவ்வளவு ஆகும்?
– சென்னை வாசகர்

சொகுசு லாட்ஜ் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 10,000 ராண்டுக்குக் கீழே கிடைப்பது அரிது. பெரிய பெயர்கள் 30,000 ராண்டையும் தாண்டிப் போகும். ஒரு ராண்டுக்குத் தோராயமாக ஐந்து ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று பல இடங்களில் உண்டு, ஆனால் அவர்கள் பெற்றோர் அறையிலேயே தங்கினால்தான். இரண்டு படுக்கையறை கொண்ட குடும்ப வீடு வேண்டுமென்றால் கணக்கு மாறும்.

இந்தத் தொகையில் தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, காலை மாலை இரண்டு சுற்று எல்லாம் அடங்கும். அடங்காதவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காட்டுப் பாதுகாப்புக் கட்டணம், நுழைவுக் கட்டணம், தனி வண்டி, சில இடங்களில் மதுவகைகள். ரேஞ்சருக்கும், தடம் பார்த்து விலங்கைத் தேடும் டிராக்கருக்கும் கடைசி நாள் கையில் அன்பளிப்பு கொடுப்பது இங்கே வழக்கம். எவ்வளவு என்று அறையில் இருக்கும் குறிப்பேட்டிலேயே போட்டிருப்பார்கள். திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்கென்று வரவேற்பறையில் பொதுப் பெட்டி இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

இவ்வளவு முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. க்ரூகர், பிலானஸ்பர்க், அட்டோ மூன்றிலும் சொந்தக் காரில் போய், சமையலறை உள்ள குடிலில் தங்கி, நீங்களே ஓட்டிக்கொண்டு விலங்கு பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு இதில் ஒரு சின்னப் பங்குதான். சொகுசு லாட்ஜில் நீங்கள் காசு கொடுப்பது மெத்தைக்கு என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். காட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் உங்கள் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிறாரே, அதற்குத்தான் கொடுக்கிறோம். பணம் கம்மியாக இருந்தால் ஐந்து இரவைக் குறைத்து மூன்றாக்குங்கள். இரண்டு இரவு போதாது. வந்து இறங்கிய களைப்பிலேயே முதல் நாள் போய்விடும்.

என் பையன் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டான். காடு அவனுக்குச் சலித்துப்போகாதா? ஒரு நாள் எப்படிப் போகும்?
– திருப்பூர் வாசகி

விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குக் கதவைத் தட்டி எழுப்புவார்கள். காபி, ரஸ்க். வெளிச்சம் வரும்போது வண்டி கிளம்பிவிடும். மூன்று மணி நேரச் சுற்றின் நடுவில் ஒரு முறை பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி, வண்டியின் முன்பக்கத்தில் துணி விரித்துச் சூடாகக் குடிக்கக் கொடுப்பார்கள். திரும்பி வந்து பெரிய காலைச் சாப்பாடு. நடுப்பகலில் விலங்குகளும் படுத்துவிடும், நாமும் படுத்துக்கொள்ளலாம். மூன்றரை, நாலுக்கு மறுபடி வண்டி. இருட்டியதும் கைவிளக்கு வைத்துத் தேடிக்கொண்டே வந்து சேர்ந்தால், சுற்றிலும் கழிகள் நட்டு வேலி கட்டிய போமா என்ற திறந்தவெளியில் நடுவே தீ எரியும். அங்கே சாப்பாடு.

சலிப்பு வருவது பிள்ளைகளால் இல்லை, பெரியவர்களின் அவசரத்தால். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று ஐந்தையும் கணக்குத் தீர்க்கிற மாதிரி ஓடினால் நடுவில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்கு வெறும் குலுக்கல்தான். ரேஞ்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குப் பட்டியல் இல்லை, பையன் கை காட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள்." நல்ல ரேஞ்சருக்கு இதைக் கேட்டால் முகம் மலரும்.

டிசம்பரில் ஒரு காலை. மண்பாதையில் புதிதாகக் கிடந்த யானைச் சாணியைப் பார்த்து எங்கள் ரேஞ்சர் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, எங்களை இறங்கச் சொன்னார். சாணிக்குள் வண்டுகள். ஒன்று, தன் உடம்பைவிடப் பெரிய உருண்டையைச் செய்து முடித்துவிட்டுத் தலைகீழாக நின்றது. முன்னங்கால் தரையில், பின்னங்கால் உருண்டையில். அப்படியே பின்பக்கமாக உதைத்து உருட்டிக்கொண்டு போக ஆரம்பித்தது. வண்டிச் சக்கரத் தடத்தில் விழுந்தது. ஏறப் பார்த்தது, சறுக்கியது. மறுபடி ஏறியது. திடீரென்று உருண்டையின் மேலே ஏறி நின்று ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு இறங்கி முன்பு போன அதே திசையில் நேராக உருட்டியது. என் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சுற்று திசை பார்ப்பதற்கு என்றார் ரேஞ்சர். இதே குடும்பத்தைச் சேர்ந்த இரவு வண்டுகள் பால்வீதியின் வெளிச்சத்தை வைத்தே நேராகப் போகின்றன என்று 2013ல் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வில் கண்டுபிடித்தார்கள். வண்டுகளின் தலையில் அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்துப் பார்த்தார்கள். வழி தவறிச் சுற்றின. தொப்பி போட்ட வண்டு என்றதும் என் மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த இருவாச்சி பறந்துவிட்டது.

இது தவிர, காலடித் தடத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுப்பது, எது யாருடைய சாணி என்று கண்டுபிடிப்பது, வில் அம்பு செய்வது, சமையலறையில் பிஸ்கட் சுடுவது என்று பகலில் பிள்ளைகளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். தொலைக்காட்சி இல்லாத லாட்ஜாகப் பாருங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
– நாகர்கோவில் வாசகி

இருக்காது. சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம், பால் தயிர் சரி என்று விரித்து எழுதுங்கள். பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு முறை. அந்தக் காட்டுக்குச் சாமான் வருவது தூரத்து ஊரிலிருந்து. அங்கே போய் இறங்கிய பிறகு பனீர் கேட்டால் சமையல்காரர் எங்கே போவார்?

உள்ளூர்ச் சாப்பாடே நமக்கு ஒத்துவரும். பாப் என்பது வெள்ளை மக்காச்சோளக் களி. அதற்குத் தொட்டுக்கொள்ள சகலகா: தக்காளி, கேரட், குடைமிளகாய், பீன்ஸ் எல்லாம் போட்டுக் காரமாகச் செய்வது. மொரோகோ என்று ஒரு கீரை மசியல். என் மாமியார் இரண்டாம் நாள் முதல் களியும் கீரையும்தான் கேட்டு வாங்கினார். கறிப்பொடி வாசனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட நம்மவர்கள் டர்பனில் இறங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்களின் பீன்ஸ் குழம்பு இன்று நாடு முழுக்க எல்லோரும் சாப்பிடுவது. "டர்பன் பீன்ஸ் கறி" என்று சொன்னால் சமையலறையில் புரிந்துகொள்வார்கள்.

ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுவரலாம், கடையில் முத்திரையிட்டு அடைத்ததாக இருக்கட்டும். பழம், காய், விதை வகைகளை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

மாமனாருக்கு முட்டி வலி, வயது எழுபத்திரண்டு. உயரமான ஜீப்பில் ஏற முடியுமா?
– துபாயிலிருந்து ஒரு தமிழர்

முடியும். ஏறுவதற்குக் கழற்றி மாட்டும் படி பல லாட்ஜ்களில் உண்டு, முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். இருக்கை வரிசைகள் பின்னால் போகப் போக உயர்ந்துகொண்டே போகும். கடைசி வரிசையில் காட்சி அருமை, குலுக்கலும் அங்கேதான் அதிகம். அவரை ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். ஏறவும் சுலபம், ரேஞ்சர் பேசுவதும் காதில் விழும். சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். சில லாட்ஜ்களில் அறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் மரப்பலகைப் பாதை நீளமாகப் போகும், படிகளும் இருக்கும்.

பெரியவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்பேன். பாதையோரம் ஒரு முள்மரத்தைக் காட்டி ரேஞ்சர் பெயர் சொல்வதற்குள் என் மாமியார் "இது இலந்தை ஆச்சே" என்றார். பஃபலோ தார்ன் என்ற அந்த மரம் நம் இலந்தையின் நெருங்கிய சொந்தம்தான். முள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று நேராக நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று பின்பக்கமாகக் கொக்கி போல வளைந்திருக்கும். ஜூலு மக்கள் வீட்டில் யாராவது வெளியூரில் இறந்தால், இறந்த இடத்துக்கு இந்த மரத்தின் கிளையோடு போய் அவருடைய ஆவியை வீட்டுக்குக் கூட்டி வருவார்கள் என்று ரேஞ்சர் விளக்கினார். மாமியார் வெகு நேரம் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், நான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

வேலி போட்டு விலங்கை உள்ளே விட்டால் அது மிருகக்காட்சிசாலைதானே? பணக்காரர்களுக்கான பெரிய மிருகக்காட்சிசாலை!
– தஞ்சாவூர், பத்தாம் வகுப்பு மாணவி

கேட்டாயே, சபாஷ். விளக்கமாகவே சொல்கிறேன்.

மடிக்வே இருக்கும் நிலம் முன்பு மாட்டுப் பண்ணைகள். போட்ஸ்வானா எல்லையை ஒட்டிய வறண்ட பூமி. மேய்ந்து மேய்ந்து புல் போய், பண்ணைகளும் நொடித்துப்போயின. அந்த நிலத்தை மாட்டுக்கே விடலாமா, காடாக்கலாமா என்று அரசாங்கம் கணக்குப் பார்த்தது. சுற்றியிருக்கும் கிராமத்து மக்களுக்குக் காட்டில்தான் அதிக வேலையும் வருமானமும் கிடைக்கும் என்று வந்தது. 1991ல் காப்புக்காடு உருவானது, சுமார் 75,000 ஹெக்டேர். அப்புறம் ஃபீனிக்ஸ் நடவடிக்கை என்ற பெயரில் பல வருடங்களாக 28 இனங்களைச் சேர்ந்த 8,000க்கும் மேற்பட்ட விலங்குகளை வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஜிம்பாப்வேயின் கொனரேஜோவில் வறட்சியில் வாடிய யானைகளைக் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றி வந்தார்கள். சிங்கங்கள் நமீபியாவின் எடோஷாவிலிருந்து வந்தன.

வேலி இருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் யாருக்கும் தீனி போடுவதில்லை. சிங்கம் வேட்டையாடித்தான் சாப்பிட வேண்டும், தவறினால் பட்டினி. மிருகக்காட்சிசாலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வேலியால் வரும் துன்பமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. யானைகள் இங்கே நன்றாகப் பெருகின. ஆயிரத்தைத் தாண்டிவிட்டன, அந்த நிலம் தாங்குவதைவிட மிக அதிகம். வேலி இல்லாவிட்டால் வறட்சியில் வேறு பக்கம் நடந்திருக்கும். 2024 வறட்சியில் நடக்க இடமில்லாமல் பல யானைகள் பட்டினியால் செத்தன. என்ன செய்வது என்று இங்கே பெரிய சண்டையே நடக்கிறது. வேறு காட்டுக்கு மாற்றுவதா, கருத்தடை ஊசியா, சுட்டுக் குறைப்பதா என்று. யானையைக் கொண்டுவந்து விட்ட மனிதர்கள்தான் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த விஷயத்தை ரேஞ்சர்களிடம் கேட்டால் மழுப்பாமல் பேசுவார்கள், கேள்.

பணக்காரர்களுக்கா என்றால், தங்குவது அவர்கள்தான். ஆனால் மடிக்வேயில் இரண்டு லாட்ஜ்கள் கிராமங்களின் சொத்து. பஃபலோ ரிட்ஜ், லெக்கொஃபுங் கிராமத்து மக்களுடையது. தகாடு ரிவர் கேம்ப், மொலதெடி மக்களுடையது. உன் அப்பா அம்மா என்றைக்காவது வருவதாக இருந்தால் அந்த இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்.

இரவில் விலங்கு அறைக்கு வந்தால்? பாம்பு?
– சேலம் வாசகர்

பல லாட்ஜ்களைச் சுற்றி யானை நுழையாமல் இருக்க மின்கம்பி கட்டியிருப்பார்கள். சின்ன விலங்குகள் அதன் அடியில் வந்து போகும். சில லாட்ஜ்களில் வேலியே இருக்காது. சின்னப் பிள்ளை இருந்தால் வேலி உள்ள இடமாகவே கேளுங்கள். இரண்டு வகையிலும் இருட்டிய பிறகு தனியாக வெளியே வரக் கூடாது. தொலைபேசியிலோ வாக்கி-டாக்கியிலோ கூப்பிட்டால் காவலர் விளக்கோடு வந்து அழைத்துப்போவார். இந்த விதியைப் பெரிய பிள்ளைகள் மீறப் பார்ப்பார்கள், கண்டிப்பாக இருங்கள். பாம்பு குளிர்காலத்தில் கண்ணில் படுவதே அபூர்வம். வெளியே கழற்றிய செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுப் போடுங்கள். பகலில் தொல்லை குரங்குதான், பால்கனிக் கதவைச் சாத்தாமல் போனால் பழத்தட்டு காலி.

எந்த மாதம்? என்ன துணி?
– பெங்களூரு வாசகி

பள்ளி விடுமுறையை வைத்துச் சொன்னால் மே மாதம். மழை நின்று புல் காயத் தொடங்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வெளியே வரும், பிள்ளைகளுக்குப் பகலில் வெயிலும் இதமாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை பார்ப்பதற்கு வசதியான காலம். டிசம்பரில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், வண்டுகளும் பறவைகளும் ஏராளம். ஆனால் வெயில் கொளுத்தும், மாலையில் இடி மழை வரும், இங்கேயும் விடுமுறை என்பதால் கட்டணம் உச்சத்தில் இருக்கும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஜூன், ஜூலையில் விடியற்காலை குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். ஓடும் திறந்த வண்டியில் அது எலும்பில் இறங்கும். குரங்குக் குல்லா, கையுறை, தடித்த காலுறை, ஸ்வெட்டருக்கு மேல் காற்றுப் புகாத மேலங்கி எல்லாம் வேண்டும். வண்டியில் போர்வையும் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பையும் கொடுப்பார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அதனால் அடுக்கடுக்காகப் போட்டு வாருங்கள். காக்கி, பழுப்பு, மங்கல் பச்சை நல்லது. சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை மட்டும், எடை இருபது கிலோவுக்குள்.

விசா, தடுப்பூசி, வழி?
– திருச்சி வாசகர்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. விண்ணப்பிக்கும் முறை மாறிக்கொண்டு வருவதால் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா இருவர் பெயரும் இருக்க வேண்டும், கையிலும் ஒரு பிரதி வையுங்கள். ஒருவர் மட்டும் பிள்ளையோடு வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். துபாய், தோஹா வழியாக வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மடிக்வே காரில் நாலு, நாலரை மணி நேரம், கடைசிப் பகுதி மண்பாதை. இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுவது. இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். மாடும் மானும் சாலையில் நிற்கும்.

பிள்ளைகளுக்கு கேமரா வாங்கிக் கொடுக்கலாமா, போன் போதுமா?
– ஈரோடு வாசகி

போன் போதும். காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால் மட்டும் இருப்பிடம் பதிவாகும் வசதியை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காட்டில், எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று இணையத்தில் எழுதவும் வேண்டாம். கொம்புக்காகக் கொல்கிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். இதை உங்கள் பிள்ளைக்கு ரேஞ்சரே சொல்வார், ஆனால் நீங்கள் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்தால் அவருக்குச் சந்தோஷம்.

கேமராவுக்கு வைத்த காசில் பிள்ளைக்கென்று ஒரு பைனாகுலர் வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது, எடை குறைந்தது. அப்பாவுடையதைக் கேட்டுக் கேட்டு வாங்கும்போது பறவை போய்விடும், அப்புறம் அழுகை. வாங்கியதும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு மாதம் மொட்டைமாடியில் காக்கா, கிளி, மின்கம்பத்து மைனா என்று பார்த்துப் பழகட்டும். கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகப் பழகிவிட்டால், டிராக்கர் விரல் நீட்டும் முதல் மரத்திலேயே பிள்ளை சிறுத்தையைப் பிடித்துவிடும்.